உற்பத்தியைக் குறைப்பது யார்?

கச்சா எண்ணெயின் விலை ஏறி இறங்கும்போதெல்லாம் போர், பொருளாதார மந்தம், பருவகாலத் தேவை எனப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. அவற்றில் உண்மை இருக்கிறது. ஆயினும், பெரும் விலைச் சரிவுகள் சிலவற்றை ஆராய்ந்தால், சந்தையில் எண்ணெய் மிகுந்துவிட்டபோது எந்த நாடு தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்வது என்ற பூசலே அவற்றின் மையத்தில் இருந்ததைக் காணலாம். அனைவரும் குறைத்தால் அனைவருக்கும் நல்ல விலை கிடைக்கும். ஆனால் மற்றவர்கள் குறைக்கும்போது தான் மட்டும் குறைக்காதிருப்பவருக்கே அதிக லாபம். 1960-இல் பாக்தாதில் ஈரான், ஈராக், குவைத், சவூதி அரேபியா, வெனிசுவேலா ஆகிய ஐந்து நாடுகள் தொடங்கிய, எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக்கால் இந்த முரண்பாட்டை இன்றுவரை முழுமையாகத் தீர்க்க முடியவில்லை.

இதைப் புரிந்துகொள்ள 1980களைப் பார்ப்பதே சிறந்தது என்று நான் கருதுகிறேன். 1970களின் விலையேற்றத்தால், அதுவரை செலவு மிகுந்தவையாகத் தோன்றிய வடகடல், அலாஸ்கா போன்ற பகுதிகளின் எண்ணெய் சந்தைக்கு வந்தது. விலையேற்றமே நுகர்வையும் குறைத்தது. விலையைத் தாங்கிப் பிடிக்க ஒபெக் உறுப்பினர்களுக்கு உற்பத்தி ஒதுக்கீடு விதித்தபோது, பலர் அதை மீறினார்கள். அந்தச் சுமையைத் தனியே ஏற்ற சவூதி அரேபியாவின் உற்பத்தி, 1980-இல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 கோடி பீப்பாயாக இருந்து, 1985-இன் நடுப்பகுதியில் சுமார் 25 லட்சம் பீப்பாயாகச் சுருங்கியது. அதன் பிறகு பொறுமையிழந்த அந்நாடு, சுத்திகரிப்பு ஆலைகள் தாம் விற்கும் பெட்ரோல், டீசல் முதலியவற்றின் விலையிலிருந்து தமது செலவையும் லாபத்தையும் கழித்துக்கொண்டு எஞ்சியதைக் கச்சா எண்ணெய்க்கு விலையாகத் தந்தால் போதும் என்ற முறையில் எண்ணெயை விற்கத் தொடங்கியது. ஆலைகளுக்கு நட்ட அச்சமே இல்லாததால் அவை வாங்கிக் குவித்தன. 30 டாலரை ஒட்டியிருந்த பீப்பாய் விலை 1986-இல் 10 டாலர் அளவுக்கு வீழ்ந்தது. டெக்சாஸின் எண்ணெய் நிறுவனங்களும், அவற்றுக்குக் கடன் கொடுத்த வங்கிகளும் நொடித்துப்போயின. சோவியத் ஒன்றியத்தின் அந்நியச் செலாவணி வருவாய் சுருங்கியது. கால் நூற்றாண்டு சவூதி எண்ணெய் அமைச்சராக இருந்த அகமது சக்கி யமானியும் அவ்வாண்டே பதவியிழந்தார்.

தனியாக உற்பத்தியைக் குறைப்பவர் விலையையும் சந்தைப் பங்கையும் ஒருசேர இழப்பார் என்ற இந்த அனுபவம், 2014 நவம்பரில் ஒபெக் எடுத்த முடிவில் தெளிவாகத் தெரிந்தது. பாறை அடுக்குகளை உடைத்து எடுக்கப்படும் அமெரிக்க ஷேல் எண்ணெய் பெருகி விலை சரிந்துகொண்டிருந்தபோதும், உற்பத்தியைக் குறைக்க அமைப்பு மறுத்தது. அந்த ஆண்டின் நடுவில் 100 டாலருக்கு மேல் இருந்த விலை, 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே சென்றது. ஆனால் ஷேல் பழைய போட்டியாளர்களைப் போன்றதன்று. ஆழ்கடல் வயல் ஒன்றை உருவாக்கப் பல ஆண்டுகள் ஆகும். ஷேல் கிணற்றைச் சில மாதங்களில் தோண்டிவிடலாம், அதன் ஊற்றும் முதல் ஆண்டிலேயே வெகுவாக வற்றிவிடும். ஆகவே விலை விழுந்தால் விரைவில் ஒடுங்கி, விலை எழுந்தால் விரைவில் மீளும் எதிராளியை விலைப்போரால் நிரந்தரமாக வெளியேற்ற முடியவில்லை. 2016-இன் இறுதியில் ரஷ்யா முதலிய நாடுகளையும் சேர்த்து ஒபெக் பிளஸ் கூட்டணி உருவானதற்கு இதுவே முதன்மைக் காரணம் என்பது என் கணிப்பு.

அந்தக் கூட்டணியும் 2020 மார்ச்சில், பெருந்தொற்றால் தேவை சரிந்துகொண்டிருந்த வேளையில், மேலும் குறைக்க ரஷ்யா மறுத்ததால் உடைந்தது. சவூதி அரேபியா விலையைத் தள்ளுபடி செய்து உற்பத்தியை உயர்த்தியது. ஏப்ரலில் நாளொன்றுக்கு 97 லட்சம் பீப்பாய் குறைக்க அனைவரும் உடன்பட்டும், சேமிப்புக் கிடங்குகளில் இடம் அருகிவிட்டதால், ஏப்ரல் 20 அன்று அமெரிக்க எண்ணெயின் முன்பேர வர்த்தக விலை, அதாவது பின்னொரு தேதியில் எண்ணெயைப் பெறுவதற்கான ஒப்பந்த விலை, மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது; எண்ணெயை எடுத்துக்கொள்ள விற்பவரே பணம் தர வேண்டிய நிலை அது.

கூட்டணி குறைக்கும் ஒவ்வொரு பீப்பாயும், அதற்கு வெளியே உள்ள அமெரிக்கா, கயானா போன்ற உற்பத்தியாளர்களுக்கு வழிவிடுகிறது. உள்ளேயோ கஜகஸ்தானும் ஈராக்கும் ஒதுக்கீட்டை மீறியதாகக் கணக்கிடப்பட்டன. தாமாக முன்வந்து குறைத்திருந்த எட்டு நாடுகள் 2025 ஏப்ரல் முதல் அந்த உற்பத்தியைச் சந்தைக்குத் திருப்பத் தொடங்கி, அடுத்த மாதமே வேகத்தைக் கூட்டியதை நான் இந்தப் பின்னணியில்தான் பார்க்கிறேன்.