கண்ணுக்குள் சுவிட்ச் அணைக்கிற புரதம்

இன்று பின்னேரம் அண்ணனின் மகளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கல்லடிப் பாலத்தால் வந்தேன். வெயில் வாவித் தண்ணீரில் பட்டு நேரே முகத்தில் அடித்தது. "மாமி, ஒண்டும் தெரியுதில்ல" என்று கண்ணைப் பொத்தினவள், கொஞ்ச நேரத்திலேயே திறந்து, தோணியில் நின்று வலை வீசினவரைக் காட்டினாள்.

எனக்கு உடனே ஆர்ஜிஎஸ்9 என்ற புரதம்தான் ஞாபகம் வந்தது. வெளிச்சம் பட்டதும் விழித்திரைக் கலங்களுக்குள் டிரான்ஸ்டியூசின் என்ற, சமிக்ஞை கடத்துகிற ஜி-புரதம் குவனோசின் முப்பொஸ்பேற்று என்ற சிறு மூலக்கூறைப் பிடித்துக்கொண்டு வேலையைத் தொடங்கும், அதை உடைத்தால்தான் ஓயும், ஆனால் தானாக உடைக்க அதற்குப் பல நொடிகள் வேண்டும், அவ்வளவு நேரம் காத்திருந்தால் வலை வீசுவதை எப்படிப் பார்ப்பது? ஆர்ஜிஎஸ்9 வந்து ஒட்டி அந்த உடைப்பை வேகப்படுத்துகிறது, ஒரு நொடிக்குள் சமிக்ஞை அணைந்துவிடும்.

இந்தப் புரதம் சரியாக வேலை செய்யாதவர்களும் இருக்கிறார்கள். அந்தக் குறைபாட்டுக்குப் பிராடியோப்சியா என்று பெயர். இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வந்தால் பல நொடிகள் பார்வை தடுமாறும், ஓடுகிற பந்தைக் கண்ணால் பின்தொடர முடியாது. மரபணுக் காரணம் 2004இல் தெரியவந்தது.

கண்ணில் மட்டும் இல்லை, இதயத்திலும் மூளையிலும் இந்த ஆர்ஜிஎஸ் புரதக் குடும்பம் வேலை செய்கிறது, மனிதரில் 20 வகை வரை உண்டு. நாங்கள் எப்போதும் ஹோர்மோன் வந்து ஜி-புரதத்தை ஏவுவதைத்தான் படிக்கிறோம், படிப்பிக்கிறோம். நிறுத்துகிறவனைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்வதில்லை, அது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

திங்கட்கிழமை வகுப்பில் இதைத்தான் முதலில் சொல்லப்போகிறேன், அந்த வலைக்காரரோடு சேர்த்து.