குழாயில் உயிரோடு நின்றவை

பூச்சியியல் உதவியாளராக நான் பெரும்பாலும் செய்தது நுளம்பு சாகிறதா என்று பார்த்திருப்பதுதான். இலங்கையில் மழை நின்று எங்கள் பக்கத்து ஆறான பதுளு ஓயா வற்றும் மாதங்களில் பாறைக் குழிகளில் தெளிந்த நீர் தேங்கும். மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ் என்ற நுளம்புக்கு அப்படிப்பட்ட நீர்தான் வேண்டும். 1934-35இல் மழை பொய்த்து ஆறுகள் குட்டை குட்டையாகியபோது இதே நுளம்பு பரப்பிய மலேரியாவில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டார்கள்.

குடம்பிகளை அள்ளிவந்து வளர்த்து, இரத்தம் குடிக்காத பெண் நுளம்புகளைக் குழாய்க்கு 20, 25 என்று பிரிப்போம். பூச்சிமருந்து தோய்ந்த தாளோடு ஒரு மணி நேரம். பிறகு சுத்தமான குழாயில், சீனித் தண்ணீர்ப் பஞ்சோடு 24 மணி நேரம். நூற்றுக்கு 98க்குக் குறையாமல் செத்தால் மருந்து வேலை செய்கிறது. 90க்குக் கீழே போனால் எதிர்ப்பு வந்துவிட்டது. ஒப்பிட்டுப் பார்க்க, பக்கத்திலேயே மருந்தில்லாத தாளோடு ஒரு குழாயும் இருக்க வேண்டும். வெப்பம் மாறினால் முடிவும் மாறும் என்பதால், மலைக் குளிரில் அறையை இரவு முழுவதும் சூடாக வைத்திருப்பதே தனி வேலை.

கீழே தக்காளியும் போஞ்சியும் போடும் ஒரு அண்ணன் என்னிடம் சொன்னார்: “தம்பி, அடிச்சு அடிச்சு இந்தக் கொசுவுக்கு மருந்து பழகிப் போச்சு.” எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். “அது இல்லீங்க அண்ணே, பழகுறதுக்கு முந்தியே அது செத்துப் போயிரும்” என்றேன். மருந்து வருமுன்பே ஆயிரமாயிரம் நுளம்புகளில் ஏதோ ஒன்றிரண்டில் மரபணு சற்று மாறியிருக்கும். மற்றவை சாக, அவை மிஞ்சிப் பெருகும். நாம் அடிப்பது மாற்றத்தை உண்டாக்குவதில்லை, பொறுக்கி எடுத்துக்கொடுக்கிறது.

அந்த மாற்றம் எவ்வளவு சிறியது என்பதுதான் இன்றும் என்னை உலுக்குகிறது. நரம்பில் சோடியம் போய்வரும் வாயிலின் புரதத்தில் 1014ஆவது இடத்தில் லியூசின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும். மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறினால் அங்கே பினைல்அலனின் என்ற வேறோர் அமினோ அமிலம் வந்து உட்காரும். மருந்து அங்கே சரியாகப் பிடிக்காது. டிடிடி என்ற பழைய பூச்சிமருந்தும் பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்துகளும் பிடிக்கும் வாயில் ஒன்றுதான். ஆகவே ஒன்றுக்குத் தப்பியது, மற்றதை அறியாமலே அதற்கும் தப்பக்கூடும்.

மலத்தியன் என்ற இன்னொரு பூச்சிமருந்தின் கதை வேறு. நம் நாட்டுக் கியூலிசிபேசிஸ் ஒரு நொதியைக் கொண்டு அதை உடலுக்குள்ளேயே உடைத்துப்போடுகிறது. 1963இல் நாடு முழுவதற்கும் மலேரியா நோயாளர் வெறும் 17 பேர். சில ஆண்டுகளில் நோய் பெருகித் திரும்பியது, டிடிடியும் கைவிட்டது, மலத்தியன் வந்தது. அதை விவசாயத்துக்கு விடாமல் மலேரியாவுக்கென்றே ஒதுக்கி வைத்தார்கள். வயலில் வளரும் வேறு அனோபிலிஸ்களோ விவசாய மருந்துகளாலேயே எதிர்ப்பு பெற்றிருந்தன. அந்த ஒதுக்கீடு மிகச் சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

உள்நாட்டிலேயே தொடர்ந்து பரவிவந்த மலேரியாவின் கடைசி நோயாளர் 2012 ஒக்டோபரில். 2016இல் மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றிதழே கொடுத்துவிட்டது. பிறகு எதற்கு இந்தக் குழாய்கள் என்று படித்தவர்களே கேட்கிறார்கள். நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணிதான் போனது, அதைச் சுமக்கும் நுளம்பு அதே குழியில் இருக்கிறது. சபரிமலைக்கும் சொந்தம் பார்க்கவும் இந்தியா போய்வரும் நம் தோட்டத்து ஆட்களில் ஒருவருக்குக் காய்ச்சலோடு ஒட்டுண்ணி வந்தால், அன்றைக்கு எந்தப் பூச்சிமருந்துக்கு நுளம்பு சாகும் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். பரிசோதனையை நிறுத்துவது எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை.

“நான் என்ன அடிக்கிறேன்னு தெரிஞ்சா உங்களுக்கு உதவுமா?” என்று அந்த அண்ணன் கேட்டார். “ரொம்ப உதவும் அண்ணே.” கொட்டிலிலிருந்து வெற்றுப் போத்தல்களை எடுத்துவந்து வரிசையாக வைத்தார். சிலவற்றில் இருந்தது பைரித்ராய்டு, நுளம்பு வலையில் ஏற்றும் அதே குடும்பம். பெயர்களைக் குறித்துக்கொண்டேன். அவர் நிலத்துக்குக் கீழே ஓடையில் பாறைக் குழிகள் உண்டு. அடுத்த வறட்சியில் குடம்பி எடுப்பதை அங்கிருந்து தொடங்குவோம்.