மாமனாரின் துப்பாக்கியா, மலிவான துப்பாக்கியா

பென்சில்வேனியாவைச் சேர்ந்த அந்த வாடிக்கையாளருக்கு நான் எழுதிய பதிலில் ஒரு வாக்கியம் இன்னும் என்னை விடவில்லை. "விலை குறைவு என்பதாலேயே ஒரு ரைஃபிள் பாதுகாப்பிலும் குறைந்ததாகிவிடாது" என்று எழுதியிருந்தேன். அதில் பொய் இல்லை. எழுதியபோதும் இல்லை, இன்று திருப்பிப் படித்தாலும் இல்லை. ஆனால் அதை எழுதியவன் அந்த விலை குறைந்த ரைஃபிளை விற்கும் அமெரிக்க இணையக் கடையின் சார்பில் பெரம்பூரில் உட்கார்ந்து இரவு ஷிப்டில் பதில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவன். ஓர் உண்மையைச் சொன்னதால் சொன்னவனின் முதலாளிக்கு லாபம் கிடைத்தால், அந்த உண்மையை எந்தக் கணக்கில் வைப்பது என்று எனக்கு இதுவரை பிடிபடவில்லை.

அவருடைய மகனுக்குப் பன்னிரண்டு வயது நிறைந்திருந்தது. அந்த மாநிலத்தில் வேட்டை உரிமம் எடுப்பதற்கான வயது அது. நவம்பர் கடைசியில் மான் வேட்டைக் காலம் தொடங்குவதற்குள் பையனுக்கென்று ஒரு ரைஃபிள் வாங்க வேண்டும். கையில் இருப்பது நானூறு டாலர். ஆனால் அவருடைய மாமனார், மலிவுத் துப்பாக்கியைப் பிள்ளை கையில் கொடுக்காதே, என்னுடையதை எடுத்துக்கொள் என்று தன் பழைய ரைஃபிளைத் தர முன்வந்திருக்கிறார். எழுபதுகளில் தயாரான ரெமிங்டன் 700, வால்நட் மரக்கட்டை, காசு எதுவும் வேண்டாம். "நீங்கள் தினமும் இவற்றைப் பார்ப்பவர், எது பாதுகாப்பானது?" என்று கேட்டிருந்தார். நான் தினமும் பார்த்தது திரையில் வரும் படங்களைத்தான் என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

இப்படிப்பட்ட கேள்விக்கு எங்களிடம் தயார் வாசகம் உண்டு. பாதுகாப்பு குறித்து எங்களால் கருத்துக் கூற இயலாது, தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்க்கவும் என்று வரும். ஒரு பொத்தானைத் தட்டினால் போதும். நான் அதைத் தட்டவில்லை.

நான் துப்பாக்கி சுட்டவன் அல்லன். 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்ற சொல்லே நம் வாழ்க்கையிலிருந்து கழன்றுவிட்டது. வண்ணாரப்பேட்டையில் வளர்ந்த ஒருவனுக்குத் துப்பாக்கி என்றால் வங்கி வாசலில் ஸ்டூல் போட்டு அமர்ந்திருக்கும் காவலரின் மடியில் கிடக்கும் இரட்டைக் குழல்தான். ஆனால் இந்த வேலைக்கு வருவதற்கு முன் எண்ணூர் பக்கம் வாகன உதிரிபாகங்கள் செய்யும் பட்டறையில் தரப் பரிசோதனை மேசையில் பல வருடம் நின்றிருக்கிறேன். கோ கேஜ் என்ற அளவுக் கருவி பாகத்தின் உள்ளே போக வேண்டும், நோ-கோ கேஜ் போகவே கூடாது; இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற மயிரிழையில்தான் என் சோறு இருந்தது. ரைஃபிளின் தோட்டா அறையையும் அதேபோல இரண்டு கேஜ்களை வைத்துத்தான் சோதிக்கிறார்கள். கோ கேஜை வைத்தால் போல்ட், அதாவது அறையின் பின்வாயை அடைக்கும் இரும்புத் தண்டு, மூட வேண்டும்; நோ-கோ கேஜை வைத்தால் மூடக் கூடாது. இதைப் படித்த நாளில் எனக்கு இந்தப் பொருளின் மீதிருந்த அச்சம் போய், அக்கறை வந்தது. .30-06 தோட்டா வெடிக்கும்போது அறைக்குள் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு வரை அழுத்தம் எழலாம் என்று அமெரிக்கத் தர வரையறை அனுமதிக்கிறது. நம் பைக் டயரில் அடிக்கும் காற்று முப்பது சொச்சம்தான். இவ்வளவு அழுத்தத்தைச் சுடுபவரின் கன்னத்துக்கு அருகில் தாங்க வேண்டிய ஒரு பொருளை, விலை குறைவு என்ற காரணத்துக்காக யாரும் அளவு தப்பிச் செய்து வெளியே அனுப்பிவிட முடியாது.

விலை எங்கே குறைகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். சாவேஜ் நிறுவனம் 1958-இல் 110 என்ற மாடலைக் கொண்டுவந்தது. அதுவரை குழலின் தோளைத் துல்லியமாகக் கடைந்து, பொருத்திப் பார்த்து, மறுபடி கடைந்து, போல்ட்டுக்கும் தோட்டா அறைக்கும் நடுவே கேஜ் சோதிக்கும் அந்த இடைவெளியைச் சரிசெய்வது கைத்திறன் மிகுந்த, நேரம் பிடிக்கும் வேலை. சாவேஜில் குழலின் மீது ஒரு நட்டைப் போட்டார்கள். உள்ளே கேஜை வைத்து, போல்ட்டை மூடி, கேஜைத் தொடும்வரை குழலைத் திருகி, நட்டை இறுக்கினால் அளவு சரியாக அமர்ந்துவிடும். பார்க்க அழகாக இராது. ஆனால் என்னைப் போல் பரிசோதனை மேசையில் நின்ற எவனும் அந்த நட்டைப் பார்த்தால் மனதாரப் பாராட்டுவான். செலவு குறைந்தது யோசனையால், அளவில் எதையும் விட்டுக்கொடுக்காமல். இன்று மலிவு விலையில் விற்கும் பல ரைஃபிள்கள் இந்த வழியில் வந்தவையே. 2011-இன் இறுதியில் ரூகர் நிறுவனம் அறிவித்த அமெரிக்கன் என்ற மாடலும் அப்படித்தான். விலை குறைவு, ஆனால் குழல் நல்ல குழல், குறி தப்புவதில்லை.

மலிவு கண்ணில் படுகிற இடங்கள் வேறு. வார்ப்பில் ஊற்றிய பிளாஸ்டிக் கட்டை, அதன் விளிம்பில் அச்சின் கோடு, முன்பகுதியை அழுத்திப் பிடித்தால் வளைந்து குழலைத் தொடுகிற மெலிவு, சொரசொரப்பாக ஓடும் போல்ட், தோட்டாக்களை அடுக்கும் பிளாஸ்டிக் மேகசின். ரைஃபிளோடு சேர்த்தே பெட்டியில் வரும் ஸ்கோப் என்ற குறிபார்க்கும் தொலைநோக்கி பெரும்பாலும் முதலில் மாற்ற வேண்டிய பொருள். எடையும் குறைவு, மூன்று கிலோவுக்கும் கீழே. தூக்கி நடக்கச் சுகம், சுடும்போது தோளில் உதை அதிகம். இவை அத்தனையையும் அவருக்கு எழுதினேன். பையனுக்கு .30-06 வேண்டாம், உதை குறைந்த .243 போதும் என்றும், மிச்சமாகும் பணத்தில் கூடுதல் தோட்டா வாங்கி வேட்டைக்கு முன் பழக விடுங்கள் என்றும் எழுதினேன். விற்கிறவனாக மட்டும் இருந்திருந்தால் மேகசினைப் பற்றியும் ஸ்கோப்பைப் பற்றியும் வாயே திறந்திருக்க மாட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வது இந்த இடத்தை வைத்துத்தான்.

ஆனால் மாமனாரின் துப்பாக்கியைப் பற்றி எழுதிய பகுதிக்கு வரும்போது அந்தத் தைரியம் இருப்பதில்லை.

ரெமிங்டன் 700 மரியாதைக்குரிய பெயர். 1962-இல் வெளிவந்தது, ஐம்பது லட்சத்துக்கும் மேல் விற்றது. அதன் ட்ரிகர் 1940-களில் வடிவமைக்கப்பட்டது. ட்ரிகருக்கும் அது தாங்கிப் பிடிக்கும் பாகத்துக்கும் நடுவில் ஒரு சிறிய இணைப்புத் தகடு, எதனோடும் பிணைக்கப்படாமல், ஸ்பிரிங்கின் தள்ளலில் மட்டும் நிற்கும். ஒவ்வொரு முறை சுடும்போதும் அது ட்ரிகரை விட்டு விலகித் திரும்பும். அந்த இடுக்கில் தூசியோ துருவோ இறுகிய எண்ணெயோ சேர்ந்தால் தகடு முழுதாகத் திரும்பாமல் போகலாம்; அப்போது சேஃப்டியை, அதாவது துப்பாக்கி வெடிக்காமல் தடுக்கும் பூட்டை, விடுவித்த கணத்திலேயே, ட்ரிகரைத் தொடாமலே வெடிக்கக்கூடும் என்பதுதான் பல வழக்குகளில் வைக்கப்பட்ட குற்றச்சாட்டு. நிறுவனம் அந்தக் குறையைக் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. கூட்டு வழக்கில் ட்ரிகரை மாற்றித் தர உடன்பட்டது. இன்னொன்றும் உண்டு. 1982-க்கு முந்தைய மாடல்களில் சேஃப்டி போட்டிருந்தால் போல்ட் திறக்காது. ஆகவே தோட்டாவை வெளியே எடுக்கவே சேஃப்டியை விடுவித்தாக வேண்டும். 2000-ஆம் ஆண்டு மொன்டானாவில் ஒரு தாய் வேட்டை முடிந்து தோட்டாவை எடுக்கச் சேஃப்டியை விடுவித்தார், துப்பாக்கி வெடித்தது, குதிரைகளை ஏற்றிச்செல்லும் டிரெய்லருக்கு அப்பால் நின்ற ஒன்பது வயது மகன் இறந்தான். அந்தத் தாயின் விரல் ட்ரிகரில் இல்லை என்று குடும்பம் சொன்னது.

அந்தப் பையனின் வயதும் இந்தப் பையனின் வயதும் என் மனத்தில் அருகருகே நின்றன. மலிவு விலை ரூகரில் சேஃப்டி போட்ட நிலையிலேயே போல்ட்டைத் திறந்து தோட்டாவை எடுக்கலாம். மாமனார் தருகிற வால்நட் கட்டை ரைஃபிளில் முடியாது. விலைப் பட்டியலில் எங்கும் எழுதப்படாத வித்தியாசம் இது. "மாமனாருடையதை வாங்குவதானால் முதலில் ஒரு துப்பாக்கி மெக்கானிக்கிடம் ட்ரிகரைக் காட்டுங்கள், மாற்றச் சொன்னால் மாற்றுங்கள், தோட்டாவை எடுக்கச் சேஃப்டியை விடுவிக்க வேண்டியிருக்கும், அப்போது குழல் எங்கே நோக்குகிறது என்பதில் உயிர் இருக்கிறது" என்று எழுதினேன். அதற்கு அடுத்த வரியாகத்தான் நான் ஆரம்பத்தில் சொன்ன வாக்கியம் வந்தது.

கால் மணி நேரத்தில் அவர் புதிய ரைஃபிளை ஆர்டர் செய்துவிட்டார். அங்கே இணையத்தில் பணம் கட்டினாலும் துப்பாக்கி வீட்டுக்கு வராது. உரிமம் பெற்ற கடைக்கு வரும், அங்கே 4473 என்ற படிவத்தை நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்த பிறகுதான் கையில் கிடைக்கும். அதற்குப் பிறகு அவரைப் பற்றி எங்களுக்கு எதுவும் தெரிய வழியில்லை.

தரக் கண்காணிப்பில் அந்த உரையாடலுக்குப் பூஜ்யம் விழுந்தது, பாதுகாப்பு குறித்துக் கருத்துச் சொன்னதற்காக. அதே வாரம் விற்பனைப் பிரிவிலிருந்து, தயங்கிய வாடிக்கையாளரை எப்படி வாங்க வைப்பது என்பதற்கு நல்ல உதாரணம் என்று அதே உரையாடலைப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டார்கள். பூஜ்யம் என்னைப் பாதிக்கவில்லை. பாராட்டுத்தான் பாதித்தது. பயிற்சி அறையின் திரையில் என் வரிகளைப் பார்த்தேன். மொன்டானாவின் நிழல் விழுந்த அந்த எச்சரிக்கை, போட்டிப் பொருளின் மீது பயத்தை விதைக்கும் உத்தி என்ற தலைப்பின் கீழ் இருந்தது.

எங்கள் டீம் லீட் என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். தனியே அழைத்துப் பொறுமையாகத்தான் பேசினார். "அண்ணா, நீங்க சொன்னது தப்புன்னு நான் சொல்லல. ஆனா அது நம்ம வாயிலருந்து வரக்கூடாது" என்றார்.

"அப்போ யார் வாயிலருந்து வரணும்மா? அந்த மனுஷன் நம்மளத்தானே கேட்டாரு?"

"அவரு கேட்டது உங்கள இல்லண்ணா, கடைய. கடை எது சொன்னாலும் அது வியாபாரம்தான்."

அதற்கு என்னிடம் பதில் இருந்தது, ஆனால் சொல்லவில்லை. பட்டறையில் லாபத்துக்காகவா நாங்கள் கேஜ் போட்டோம், ஆனாலும் அளவு சரியான சரக்கு லாபத்துக்கு விற்றதே, அதனால் அந்த அளவு பொய்யா என்று கேட்டிருக்கலாம். கேட்காததற்குக் காரணம், நான் எழுதிய பதிலில் எனக்கே தெரிந்த ஓர் ஓட்டை இருந்ததுதான். மாமனாரின் துப்பாக்கி பழையதாகவும் எங்களுடையது புதியதாகவும் இருந்ததால் நான் சொன்ன உண்மைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தன. எதிர்ப்பக்கம் சாயும் உண்மையும் உண்டு. பழைய ட்ரிகருக்கு மாற்றாக ரெமிங்டன் கொண்டுவந்த புதிய ட்ரிகரையே 2014-இல் அவர்கள் திரும்பப் பெற்றார்கள்; 2006 மே முதல் 2014 ஏப்ரல் வரை தயாரானவை அத்தனையும். காரணம் வடிவமைப்பு அன்று. பாகங்களைப் பொருத்தும்போது இட்ட பசை சில துப்பாக்கிகளில் தேவைக்கு மேல் போய்விட்டது. அதனால் தானாக வெடிக்கும் அபாயம். ஒரு சொட்டுப் பசை. பரிசோதனை மேசையில் நின்றவனுக்கு இதைவிடப் பெரிய அச்சம் வேறில்லை: வரைபடம் சரி, உலோகம் சரி, அளவு சரி, கடைசியில் யாரோ ஒருவரின் கை கொஞ்சம் தாராளமாக ஊற்றிவிடுகிறது, எந்தக் கேஜும் அதைக் காட்டாது. புதியது என்பதாலேயே பாதுகாப்பானதாகிவிடாது என்ற வாக்கியமும் என் வாக்கியத்தைப் போலவே உண்மையானது. அவர் கேட்டது பழையதா புதியதா என்றல்ல, மலிவானதா உயர்ந்ததா என்றுதான். ஆகவே கேட்ட கேள்விக்கு நான் சொன்னது முழுப் பதில்தான் என்று சில நாள் தோன்றுகிறது. சில நாள், ஒரு தகப்பன் கேட்டது உண்மையில் இதையும்தானே என்று தோன்றுகிறது.

அந்த மாதம் அந்த ஆர்டருக்கான ஊக்கத்தொகை சம்பளத்தோடு வந்தது. அதைத் திருப்பிக் கொடுக்க வழியும் இல்லை, வழி இருந்தாலும் கொடுத்திருப்பேன் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வீட்டு வாடகை அந்தத் தேதியில்தான். பதிலைத் திரும்ப எழுதச் சொன்னால் மாமனாரின் துப்பாக்கியைப் பற்றிய வரிகளில் ஓர் எழுத்தைக்கூட எடுக்க மாட்டேன், அந்தப் பையனுக்காக. விலையைப் பற்றிய வாக்கியத்தை மட்டும் எடுத்துவிடுவேனோ என்னவோ. ஆனால் அதை எடுத்தால், மலிவைப் பார்த்து வெட்கப்பட்டு, காசு இல்லாத குறைக்காக, சோதிக்காத பழைய துப்பாக்கியைப் பிள்ளை கையில் கொடுக்கப்போகிற இன்னொரு தகப்பனுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

தயார் வாசகம் இப்போதும் அப்படியே இருக்கிறது. இப்போது யாராவது பாதுகாப்பைப் பற்றிக் கேட்டால் முதலில் அதைத்தான் அனுப்புகிறேன், டீம் லீட்டுக்குக் கொடுத்த வாக்குக்காக. அதன் கீழே, உங்கள் ரைஃபிளில் சேஃப்டி போட்ட நிலையில் போல்ட் திறக்கிறதா என்று மட்டும் கேட்கிறேன். எங்களிடம் வாங்கியதானாலும், வாங்காததானாலும்.