மனோரஞ்சிதம் பந்தலேறிய கதை

மனோரஞ்சிதம் வைத்தால் பொறுமை வேண்டும். முதல் வருடம் முழுக்க எங்கள் கிணற்றடியில் அது வெறும் புதராகத்தான் நின்றது. அடுத்த மழைக்காலம் முடிந்ததும் உச்சியிலிருந்து நீள நீளமான கிளைகள் கிளம்பின; அப்போதுதான் கொடி என்றே நம்பிக்கை வந்தது.

வாங்கியது பதியன் கன்று. விதை முளைக்கவே மாதக்கணக்கில் இழுக்கும், அதனால் பதியன்தான் என் கட்சி. காலை வெயிலும் பிற்பகலில் மாமர நிழலும் இதற்குப் போதும். மட்கிய சாணம் தவிர வேறு உரம் போடவில்லை.

இது ஏறும் விதம்தான் அருமை. பாகல் மாதிரி பற்றுக்கம்பி கிடையாது, முல்லை மாதிரி சுற்றிக்கொள்வதும் இல்லை. பூங்காம்பே கொக்கியாக வளைகிறது. இளசில் பச்சையாக, விரல் பட்டால் நெகிழும். பந்தல் கம்பியில் மாட்டிக்கொண்டதும் தடித்துக் கட்டையாக இறுகிவிடுகிறது. பிறகு அசைத்தாலும் வராது. மொட்டு வருவதும் அந்தக் கொக்கியின் முதுகில்தான். நீட்டிக்கொண்டிருக்கிறதே என்று கிளையை வெட்டினால் பிடிமானமும் போச்சு, பூவும் போச்சு. காய்ந்ததையும் தரையில் இழுபடுவதையும் மட்டும் கழிக்கிறேன். கொடி முற்றினால் கனம் ஏறும், மூங்கில் தாங்காது. அதனால் பந்தலுக்கு இரும்புக் குழாய்தான்.

பூ இலை நிறத்திலேயே இருப்பதால் முதலில் கண்ணில் படாது. மஞ்சளாக மாறும்போது மணம் காட்டிக்கொடுத்துவிடும். தடித்த 6 இதழ்கள், மூன்று மூன்றாக இரண்டு அடுக்கு. உள்ளடுக்கின் அடிப்பகுதி குவிந்து மகரந்தத்தை மூடியிருக்கிறது. குட்டி வண்டுகள் அதற்குள் புகுந்து வருகின்றன. எந்தப் பழத்தை நினைக்கிறோமோ அந்த வாசனை வரும் என்பார்கள். எனக்கு எப்போதும் பலாச்சுளைதான். சாயங்காலம் ஒரே ஒரு பூவைக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டால் கூடம் முழுக்க மணக்கிறது.

"பாம்பு வரும்டி, வெட்டிப்போடு" என்றார் பக்கத்து வீட்டு அத்தை. மணத்துக்குப் பாம்பு வராது அத்தை, அடியில் சருகு சேர்ந்தால்தான் அண்டும் என்று சொல்லி, வாராவாரம் அடியைக் கூட்டிவிடுகிறேன்.

இப்போது தளிரைப் பச்சைப் புழு தின்கிறது. கறுப்பு இறக்கையில் பச்சைப் புள்ளி வைத்த வண்ணத்துப்பூச்சியின் புழு அது. சீத்தாவிலும் நெட்டிலிங்கத்திலும்கூட வளரும், மூன்றும் ஒரே குடும்பம். மருந்து அடிக்கவில்லை. தின்றது போகத் தழைக்கத் தெம்பு இருக்கிறது கொடிக்கு. ஐப்பசி மழைக்கு முன்னால் தாழ்ந்த கிளை ஒன்றை மண்ணில் பதித்து, அக்கா வீட்டுக்கு ஒரு கன்று எடுக்க வேண்டும்.