சீனியில்லா இனிப்பும் பல்லும் வயிறும்

கிளிநொச்சிப் பக்கத்தில் நீரிழிவு கண்டவர்கள் சீனியைக் கைவிட்டதும் முதலில் நாடுவது பனங்கட்டியைத்தான். வெறுந்தேநீருக்கு அதைக் கடித்துக்கொள்வது எங்கள் வழக்கமாக இருப்பதால், அது சீனியைப் போலக் கெடுதி செய்யாது என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. ஆனால் பனங்கட்டியிலும் பெரும்பங்கு சீனியிலுள்ள அதே சுக்குரோசுதான். வாயிலுள்ள பற்றீரியாக்கள் அதையும் அமிலமாக்கும்; அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். பெறுமானம் ஏறத்தாழ 5.5 இற்குக் கீழே இறங்கினால் பல்லின் கடினமான மேற்படையான மிளிரி கரையத் தொடங்கும்.

சீனிக்குப் பதிலாகச் சேர்க்கப்படும் இனிப்பூட்டிகளான சுக்கிரலோசு, ஸ்ரீவியா, சைலிற்றோல் ஆகியவற்றை அந்தப் பற்றீரியாக்களால் அவ்வாறு அமிலமாக்க முடியாது. பின்லாந்தின் துர்க்கு நகரில் 1970களில் நடந்த ஆய்வுகளுக்குப் பிறகுதான் சைலிற்றோல் சேர்த்த சூயிங்கம் பல்லுக்கு உகந்ததென்று பெயர் பெற்றது. மெல்லும்போது ஊறும் உமிழ்நீருக்கும் அதில் பங்குண்டு. ஆனால் சீனியில்லாத கோலாவை அந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது. அதிலுள்ள பொசுபோரிக் அமிலம் பற்றீரியாவின் துணையின்றியே மிளிரியை அரிக்கும். இலங்கையில் 2016 முதல் மென்பானப் போத்தல்களில் இடப்படும் நிற அடையாளம் சீனியின் அளவை மட்டுமே காட்டுகிறது. சீனி குறைவென்று காட்டும் பச்சையைக் கண்டு பிள்ளைகளுக்கு நாள்தோறும் வாங்கிக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

வயிற்றின் கதை வேறு. திருவிழாக் காலத்தில் கனடாவிலிருந்து வரும் உறவினர்கள், "சீனியில்லாதது, பெரியம்மாவும் சாப்பிடலாம்" என்று பை நிறைய ரொபி கொண்டுவருகிறார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த பையைத் திருப்பிப் பார்த்தபோது, சேர்மானங்களில் முதலாவதாக மோல்றிற்றோல் என்ற இனிப்பூட்டி இருந்தது. அடியில், கூடுதலாக உண்டால் வயிறு இளகும் என்ற எச்சரிக்கை பொடி எழுத்தில் அச்சாகியிருந்தது. அதற்குள் பெரியம்மா ஒரு கைப்பிடி சாப்பிட்டுவிட்டு, இரவு முழுவதும் அலைந்து, கிணற்றுத் தண்ணீரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். மோல்றிற்றோலும் அதே இனத்துச் சோபிற்றோலும் சிறுகுடலில் முழுமையாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குச் சென்று, நீரை இழுத்துக்கொள்வதோடு, அங்குள்ள பற்றீரியாக்களால் நொதித்து வாயுவையும் உண்டாக்குகின்றன. அந்த இனத்திலேயே எரித்திரிற்றோல் பெரும்பாலும் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுச் சிறுநீருடன் வெளியேறுவதால் தொல்லை குறைவு. மோல்றிற்றோல் இரத்தச் சீனியையும் ஓரளவு ஏற்றும் என்பதால், நீரிழிவுக்காரர் ஒன்றிரண்டோடு நிறுத்துவதே நல்லது.

கிளினிக் நாளில் வயிறு இளகுவதாக முறையிடுபவர்கள், சாப்பிட்ட இனிப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நீரிழிவுக்குக் கொடுக்கும் மெற்போமின் குளிசையும் சிலருக்கு வயிற்றை இளக்குவதால், பழியை அதன்மேல் போட்டுத் தாமாகவே நிறுத்திவிடுபவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். ரொபியை நிறுத்திப் பார்க்கலாம், குளிசையை வைத்தியரைக் கேளாமல் நிறுத்தக்கூடாது.