ரெண்டு மணி நேரத் தூக்கம்

"மத்தியானம் ரெண்டுல இருந்து நாலு தூங்குவேம்மா, தூக்கம்னு போட்டுக்க"ன்னு அந்தக்கா சொன்னாங்க. நான் தலையாட்டுனேன். ஆனா டேப்லெட்ல மாத்தல. நடந்தது இவ்வளவுதான், ஆனா மனசு இன்னும் அங்கயே சுத்துது.

டைம் யூஸ் சர்வே, அதாவது யார் யார் ஒரு நாள்ல எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவழிக்காங்கன்னு கவர்மெண்ட் எடுக்குற கணக்கெடுப்பு, எடுத்தவங்களுக்குத் தெரியும், நேத்து காலைல 4 மணில இருந்து இன்னிக்கு காலைல 4 மணி வரைக்கும் அரைமணி அரைமணியா கேக்கணும். முதல்ல எல்லாரும் "என்னத்த, வீட்டு வேலதான்"னு முடிச்சிருவாங்க, தோண்டித் தோண்டிக் கேட்டாத்தான் தண்ணி புடிச்சது, ஆட்டுக்குக் குழை ஒடிச்சது, ரேஷன் கடைல நின்னதுன்னு ஒவ்வொண்ணா வரும். இந்தக்கா தானாவே சொன்னாங்க. வீட்ல சுத்துற பீடிக்காசு மாமியா கைக்குப் போயிரும், மத்தியானம் பக்கத்து வீட்ல உக்காந்து அவங்க பேர்ல இருக்கிற பீடி கார்டுக்கு சுத்திக் குடுக்குற காசு மட்டும் தன்னோட சீட்டுக்கு, வீட்ல யாருக்கும் தெரியாது. சொல்லி முடிக்கவும் மாமியா உள்ள இருந்து வந்தாங்க. அப்ப வந்ததுதான் அந்தத் தூக்கம்.

மாத்தாம விட்டது சரின்னுதான் இப்பவும் நினைக்கேன். 2019ல நாடு முழுக்க எடுத்த சர்வேல வீட்டு வேல செய்ற பொம்பளைங்க ஒரு நாளைக்கு சராசரியா 299 நிமிஷம், ஆம்பளைங்க 97 நிமிஷம்னு வந்துச்சு, அதுலயும் செய்ற ஆம்பளைங்களே 100க்கு 26 பேர்தான். வீட்டுக்கு வீடு தெரிஞ்ச விஷயம், ஆனா நம்பரா வந்தாத்தான் நாலு பேர் காது குடுத்துக் கேக்காங்க. 2023ல மகளிர் உரிமைத் தொகை 1000 ரூபா குடுக்கும்போது பொம்பளைங்க உழைப்புக்கு அங்கீகாரம்னுதான கவர்மெண்டே சொல்லுச்சு. மறைச்சு செய்ற வேலைய எல்லாம் தூக்கம்னு எழுதிட்டே போனா, கடைசில நம்ம ஊர் பொம்பளைங்க மத்தியானம் நல்லாத் தூங்குறாங்கன்னுதான் ரிப்போர்ட் வரும்.

இப்படி சொல்லிக்கிறேன். ஆனா "பிடிக்காத கேள்விக்கு பதில் சொல்ல வேண்டாம், சொன்னத வேண்டாம்னாலும் எடுத்துருவோம்"னு ஆரம்பத்துல வாசிச்சுக் காட்டுனதும் நான்தான். பேர் வெளிய போகாது, நம்பர் மட்டும்தான், மாமியா பாக்கப் போறதில்ல. ஆனா அது எனக்கு இருக்கிற தைரியம், அந்தக்காவுக்கு எங்க இருந்து வரும்?

சூப்பர்வைசர்ட்ட பொதுவா கேக்குற மாதிரி கேட்டேன். "ஒரு வீடுதானம்மா, எப்படிப் போட்டாலும் ஒண்ணும் ஆகாது"ன்னாரு. ட்ரெய்னிங்ல இதே சார்தான், வெயிட் போட்டா, அதாவது கொஞ்ச வீட்ட வச்சு எல்லா வீட்டுக்கும் கணக்குப் போட்டா, நீங்க பாக்குற ஒவ்வொரு வீடும் எத்தனையோ நூறு வீட்டுக்கு சமம், ஒரு பதில் கூட தப்பக்கூடாதுன்னு மேஜையத் தட்டித் தட்டி சொன்னவரு. ஒண்ணும் ஆகாதுன்னா அந்தக்கா கேட்டபடியே போட்டிருக்கலாமே. ஆகும்னா, அவங்களக் கேக்காம நான் எப்படி முடிவெடுத்தேன்?

கூட வேல பாத்த பொண்ணு சொல்றா, அந்தப் பேச்சு மாமியா காதுக்கு சொன்னது, உனக்கு சொன்னதே இல்லன்னு. இருக்கலாம், தனியா கேக்கத்தான் வழியில்ல. கெளம்பும்போது மாமியாதான் வாசல் வரைக்கும் வந்து "தூங்குறதக் கூடவா எழுதுவீய?"ன்னு சிரிச்சாங்க. நானும் சிரிச்சுக்கிட்டே "ஆமா ஆச்சி, சொன்னத அப்படியே எழுதுவோம்"னேன்.