310 கேள்விகளும் மாமா வந்த ஓட்டையும்

நான் எழுதப்போகும் ஜேர்மன் குடியுரிமைப் பரீட்சைக்காக எங்கள் வீட்டு பிரிட்ஜ் கதவில் மூன்று மாதமாக ஒரு தாள் ஒட்டியிருந்தது. 30.1.1933, 8.5.1945, 23.5.1949, 17.6.1953, 13.8.1961, 9.11.1989, 3.10.1990. பால் எடுக்கத் திறந்தாலும் சரி, கறி வைக்கத் திறந்தாலும் சரி, ஒரு திகதியைத் தொட்டு அன்று என்ன நடந்தது என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். இது மகன் போட்ட சட்டம். அவனுக்கு 14 வயது. சாதாரண தரப் பரீட்சைக்கு என் அம்மா எப்படி என் பின்னால் திரிந்தாவோ, அதே மாதிரி என் பின்னால் திரிந்தான்.

நான் ஜேர்மனிக்கு வந்தது 2006இல், கலியாணம் முடித்து. இத்தனை வருடமாகக் குடியுரிமை எடுக்காததற்குப் பெரிய கொள்கை எதுவும் இல்லை. எடுப்பதென்றால் இலங்கைக் குடியுரிமையை விடவேண்டும் என்றார்கள், எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். 2024 யூன் 27இல் இங்கே சட்டம் மாறியது. பழையதை வைத்துக்கொண்டே புதியதை எடுக்கலாம் என்று ஜேர்மனி சொல்லிவிட்டது. இலங்கைப் பக்கம் அதற்குத் தனியாக விண்ணப்பிக்கவேண்டும், அது வேறு தலையிடி. சரி, இனிச் சாட்டுச் சொல்ல முடியாது என்று பரீட்சைக்குப் பதிந்தேன். 25 யூரோ.

தெரியாதவர்களுக்கு: மொத்தம் 310 கேள்விகள். 300 பொதுக் கேள்விகள், மிச்சம் 10 நாம் இருக்கும் மாநிலத்தைப் பற்றியவை. பரீட்சையில் வருவது 33. அதில் 17 சரியாக இருந்தால் போதும். ஒரு மணித்தியாலம் தருவார்கள். கேள்விகள் எல்லாம் விடைத் தெரிவுகளோடு முன்கூட்டியே வெளியிட்டிருக்கிறார்கள். ஊரில் இப்படி ஒரு பரீட்சை வைத்திருந்தால் நான் டொக்டராகியிருப்பேன்.

பாதிக் கேள்விகள் சும்மா பகிடி. ஈஸ்டருக்கு ஜேர்மன்காரர் வழமையாக என்ன செய்வார்கள்? வாசலில் பூசணிக்காய் வைப்பார்களா, மரம் சோடிப்பார்களா, முட்டைக்கு நிறம் பூசுவார்களா, வானத்துக்கு றொக்கெற் விடுவார்களா? பிள்ளைகளைக் கிண்டர்கார்டன் அனுப்பிய எந்தத் தாய்க்கும் இது கேள்வியே இல்லை. எங்கள் வீட்டில் இன்னும் அந்த நிறக் கறை பிடித்த மேசைவிரிப்பு இருக்கிறது. மாநிலக் கேள்விகளும் அப்படித்தான். எங்கள் மாநிலம் நோர்த்றைன்-வெஸ்ற்ஃபாலன்: தலைநகரம் டுசல்டோர்ஃப், கொடி பச்சை வெள்ளை சிவப்பு, சின்னத்தில் றைன் ஆறும் குதிரையும் ரோசாப்பூவும்.

எனக்குக் கையைக் கடித்தது வரலாறுதான். குறிப்பாக 1945க்குப் பிறகு. ஹிட்லர் 1933இல் வந்தது எங்களுக்கும் தெரியும். ஆனால் நாட்டை நாலாகப் பிரித்து அமெரிக்கா, சோவியத், பிரித்தானியா, பிரான்ஸ் வைத்திருந்ததும், 1949இல் மே மாதம் ஒன்று, ஒக்ரோபரில் ஒன்று என்று இரண்டு நாடு பிறந்ததும், 1953 யூன் 17இல் கிழக்கில் தொழிலாளர் எழும்ப சோவியத் தாங்கிகள் வந்து அடக்கியதும் மண்டையில் நிற்கவே இல்லை. 53ஐயும் 61ஐயும் மாற்றி மாற்றிச் சொன்னேன்.

நவம்பர் 9 இன்னும் மோசம். 1918இல் அந்தத் திகதியில் குடியரசு அறிவித்தார்கள். 1923இல் ஹிட்லர் மியூனிச்சில் ஆட்சியைப் பிடிக்கப் பார்த்துத் தோற்றது அந்தத் திகதியில். 1938இல் யூதர்களின் தொழுகைக் கூடங்களை எரித்ததும் கடைகளை நொறுக்கியதும் அந்த இரவு. 1989இல் பேர்லின் மதில் திறந்ததும் அதே நாள். "அம்மா, அதாலதான் நவம்பர் 9ஐ தேசிய நாளா வைக்கேல்ல, இரண்டு ஜேர்மனியும் சேந்த ஒக்ரோபர் 3ஐ வைச்சவை" என்றான் மகன். கொண்டாடுவதா அழுவதா என்று தெரியாத ஒரு நாளை விடுமுறையாக விட எந்த அரசுக்கும் கை நடுங்கும்தான்.

நான் வேலை செய்வது ஒரு முதியோர் இல்லத்தில். அங்கே 88 வயது அம்மா ஒருவர் இருக்கிறார். இரவுச் சாப்பாடு கொடுக்கும்போது மே 8 என்றால் யுத்தம் முடிந்த நாள்தானே என்று அவரிடம் கேட்டு உறுதிப்படுத்தினேன். அவர் ஓம் என்று தலையாட்டிவிட்டு, தங்களுக்கு அது சனவரியிலேயே முடிந்துவிட்டது என்றார். இன்று போலந்தில் இருக்கும் சிலேசியாவில் அவருடைய ஊர். எட்டு வயதில் தாயோடு கைவண்டி தள்ளிக்கொண்டு பனிக்குள் வெளிக்கிட்டிருக்கிறார். திரும்பிப் போகவே இல்லை. நானும் 1995 ஒக்ரோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தில் யுத்தத்துக்குத் தப்பி வலிகாமத்தில் இருந்து தென்மராட்சிக்கு நடந்ததைச் சொன்னேன். என்ன கொண்டுபோனீர்கள் என்றார். தையல் மெசின் என்றேன். தாங்கள் இறகுப் போர்வை கொண்டுபோனதாகச் சொன்னார். பிறகு சூப் ஆறிவிட்டது என்று என்னோடு கோபித்தார்.

இந்தத் திகதிச் சண்டைக்குள் மாமா வந்து சேர்ந்தார், என் கணவருடைய அப்பா. எங்களோடுதான் இருக்கிறார். அவர் 2003இலேயே பாஸ்போட் எடுத்துவிட்டார். இந்தப் பரீட்சை 2008 செப்ரெம்பரில்தான் வந்தது, ஆகவே மனிசன் ஒரு கேள்விக்கும் விடை எழுதாமல் ஜேர்மன்காரர் ஆனவர். அதை எனக்கு நாளுக்கு இரண்டுதரம் ஞாபகப்படுத்துவார்.

ஒருநாள் நான் பிரிட்ஜுக்கு முன்னால் நின்று திரும்பவும் 53, 61 என்று தடுமாற, ரீவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டார்.

"பிள்ளை, 61இல என்ன கட்டினவங்கள்?"

"மதில், மாமா."

"அதுக்கை ஒரு ஓட்டை இருந்தது. அதாலைதான் நான் வந்தனான்."

மாமா ரஷ்ய விமானத்தில் வந்தவர் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்தக் கதையை நான் இந்தத் தாளோடு சேர்த்துப் பார்த்ததே இல்லை. 83 ஆடிக் கலவரத்தில் கொழும்பில் கடையும் போய் உடுப்பும் போய் ஊருக்குத் திரும்பியவர், 1985 மார்ச்சில் மொஸ்கோ வழியாகக் கிழக்கு பேர்லினுக்குப் பக்கத்தில் உள்ள ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கியிருக்கிறார். உடம்பில் பெற்றாவில் வாங்கிய மெல்லிய ஜக்கெற். கிழக்கு ஜேர்மனி காசு வாங்கிக்கொண்டு கடந்துபோகும் விசா கொடுத்தது. அங்கிருந்து எஸ்-பான் என்ற நகர ரயில் பிடித்து பிரீட்றிக்ஸ்ட்ராஸ ஸ்டேசன். அந்த ஸ்டேசன் கிழக்கு பேர்லினுக்குள்தான் இருந்தது, ஆனால் உள்ளே எல்லைக் கடவை. ஒரு பக்கத்து மேடைக்குக் கிழக்கு ரயில் வரும், மற்றப் பக்கத்துக்கு மேற்கு ரயில் வரும், நடுவில் காவல்.

"ஒடுங்கின பெட்டி மாதிரி ஒரு இடம். அவன் முகத்தைப் பாத்தான், பாஸ்போட்டைப் பாத்தான், திரும்ப முகத்தைப் பாத்தான். கதவு டிர்ர் எண்டுது. போ எண்டான்."

மேற்கு ரயிலில் ஏறி உட்கார்ந்தவருக்கு இனிமேல்தான் உண்மையான சோதனை என்ற பயம். அடுத்த ஸ்டேசனில் ஏறுவார்கள் என்று பார்த்தார். ஒருத்தரும் ஏறவில்லை. மிருகக்காட்சிச்சாலை ஸ்டேசனில் இறங்கினார், அதுதான் மேற்கு பேர்லினின் பெரிய நிலையம்.

"எங்கையடா பொலிஸ் எண்டு பாத்துக்கொண்டு அரை மணித்தியாலம் மேடையிலை நிண்டன். என்னை ஒருத்தனும் கேக்கேல்லை. எனக்குப் பயம் கூடிப்போச்சு."

ஏன் கேட்கவில்லை என்பதை நானும் மகனும் அன்று இரவு உட்கார்ந்து தேடினோம். மேற்குத் தரப்பின் நிலைப்பாடு, பேர்லின் முழுவதும் நாலு வல்லரசின் பொறுப்பில் உள்ள ஒரே நகரம் என்பது. நடுவில் நிற்கும் மதிலை அவர்கள் நாட்டு எல்லையாக ஏற்கவில்லை. அங்கே நின்று பாஸ்போட் பார்த்தால், இது எல்லைதான் என்று தாங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆகவே பார்க்கவில்லை. கிழக்குக்கோ இது மேற்கைச் சீண்ட ஒரு வழி, விமான ரிக்கெற்றுக்கும் காசு வரும். இரண்டு அரசுகள் கௌரவப் பிரச்சினையில் முறைத்துக்கொண்டு நின்ற இடைவெளிக்குள்ளால் எங்கள் பெடியங்கள் பையோடு நடந்து போயிருக்கிறார்கள்.

அது கனநாள் நீடிக்கவில்லை. மேற்கு நெருக்கியதில் 1985 யூலையில் கிழக்கு ஜேர்மனி இலங்கைத் தமிழருக்கு வழியை மூடியது. போகிற நாட்டின் விசா இருந்தால்தான் ஏற்றுவோம் என்றது. மற்ற நாட்டு அகதிகளுக்கு அடுத்த வருடம் மூடியது. மாமாவின் தம்பி ஓகஸ்ற்றில் வெளிக்கிட்டவர், மொஸ்கோவோடு திரும்பினார். இப்போது ரொறன்ரோவில் இருக்கிறார். ஐந்து மாத வித்தியாசத்தில் ஒரு குடும்பம் டொச் கதைக்கிறது, மற்றது இங்கிலிஷ் கதைக்கிறது.

அன்றிலிருந்து 61 எனக்குப் பிழைக்கவில்லை. ஆனால் வேறொன்று உறுத்தத் தொடங்கியது. 1961 ஓகஸ்ற் 13, ஒரு ஞாயிற்றுக்கிழமை, முள்ளுக்கம்பியோடு தொடங்கிய அந்த மதிலில் குறைந்தது 140 பேர் செத்திருக்கிறார்கள். கடைசியாகச் சுடப்பட்டவன் கிறிஸ் குவெஃப்ரோய், 1989 பெப்ரவரியில், 20 வயது. மேற்குக்குப் போகத்தான் பார்த்தான். மாமா விசாவோடு, கதவு டிர்ர் என்று திறந்து, ரயிலில் உட்கார்ந்து போன அதே மேற்கு. அந்த நகரத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அது இல்லை, பருத்தித்துறையில் பிறந்த மாமாவுக்கு இருந்தது. மாமாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்சநேரம் ஒன்றும் கதைக்கவில்லை.

"அவை எங்களை ஏன் விட்டவை தெரியுமோ? நாங்கள் அவையின்ர ஆக்கள் இல்லை."

திரும்பவும் ரீவியின் சத்தத்தைக் கூட்டினார்.

310 கேள்விக்குள் அந்த ஸ்டேசன் இல்லை. இருக்கவேண்டும் என்றும் நான் சொல்லவில்லை, இருந்தால் அதையும் பாடமாக்கியிருப்பேன். ஆனால் மேற்கு ஜேர்மனியின் சான்சலர் வில்லி பிராண்ட் 1970இல் வார்சோவில் யூதர் சேரி நினைவிடத்தில் முழங்காலில் விழுந்த கேள்வியைப் படிக்கும்போதும், வெளியிலிருந்து ஆள் எடுத்தபோது முதலில் வந்தவர்கள் இத்தாலியர் என்ற கேள்வியைப் படிக்கும்போதும், இதற்குள்ளும் ஒரு மாமா எங்கேயாவது மேடையில் நின்றிருப்பார் என்று தேடிப்பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. படிப்பு இரண்டு மடங்கு இழுபட்டது.

பரீட்சை ஒரு சனிக்கிழமை காலை. பக்கத்து மேசையில் ஒரு சிரியப் பெடியன், என்னைப் பார்த்து, "அக்கா மாதிரி இருக்கிறீங்கள், கொஞ்சம் காட்டுங்கோ" என்று டொச்சில் பகிடி விட்டான். ஆளுக்கு ஆள் தாள் வேறு, காட்டியும் பிரயோசனம் இல்லை. பதினொரு நிமிடத்தில் முடித்தேன். திரும்பப் பார்த்தேன், இன்னொருதரம் பார்த்தேன். ஈஸ்டர் முட்டை வந்திருந்தது. மதில் எந்த வருடம் கட்டினார்கள் என்பதும் வந்திருந்தது. அதற்குப் பெட்டியில் புள்ளடி போடும்போது பேனையை ஊன்றி அழுத்திப் போட்டேன்.

சில கிழமை கழித்துக் கடிதம் வந்தது. 33க்கு 32. எது பிழைத்தது என்று அதில் இல்லை. மகன் 310ஐயும் திரும்ப எடுத்து வைத்து, எனக்கு ஞாபகம் இருந்த கேள்விகளை ஒவ்வொன்றாகக் கிளறினான். தேர்தல் கேள்வி ஒன்றில் எனக்கே சந்தேகம், அதுவாகத்தான் இருக்கும். மாமா ஏற்றுக்கொள்ளவில்லை. கடிதத்தைக் கண்ணாடி போட்டு இரண்டுதரம் வாசித்துவிட்டு, "பிள்ளை 53 எண்டு போட்டிருக்கும்" என்கிறார். வீட்டுக்கு வருகிற சனத்துக்கெல்லாம் அப்படியே சொல்லிக்கொண்டிருக்கிறார்.